கன்னிகாவின் அலைவரிசை

எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் பொய் சிக்னல் போடுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

விசாரிக்க வந்த உங்களுக்கு அது என்ன வேலை என்று தெரியவேண்டும் அல்லவா, சொல்கிறேன். ஆக்சியான் என்று ஒரு துகள் இருக்கலாம் என்கிறார்கள். யாரும் பார்த்ததில்லை. பலமான காந்தத்துக்குள் வந்தால் அது மெல்லிய ரேடியோ அலையாக மாறும் என்பது கணக்கு. திருப்பதியிலிருந்து வடமாலபேட்டை போகிற வழியில், எங்கள் ஆய்வுக்கூடத்தில், ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவதுபோல் அதைத் தேடுகிறோம். எந்த ஸ்டேஷன் என்றுதான் தெரியாது. தேடுகிறவர்கள் அசந்துவிடாமல் இருக்க, நான் யாருக்கும் சொல்லாமல் அவ்வப்போது ஒரு போலி சிக்னலை உள்ளே விடுவேன். கண்டுபிடித்ததும் என்னிடம் வந்து கேட்பார்கள். ‘என்னுடையதுதான்’ என்பேன். சிரித்துவிட்டு அடுத்த ஸ்டேஷனுக்குப் போவார்கள்.

கன்னிகா கருவியைத் தொடமாட்டாள், காகிதத்தில் கணக்குப் போடுகிறவள். தடா பக்கத்துப் பெண். அவள் நைனா ஸ்ரீசிட்டி கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்குகிறார். ஆக்சியான் இந்த இடத்தில்தான் இருக்கும் என்று ஒரே ஒரு அலைவரிசையைச் சொல்லி, அதிலேயே நின்றாள். மே மாதத்தோடு அவள் தற்காலிக வேலை முடிவதாக இருந்தது. அங்கே ஏதாவது கிடைத்தால் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் வீடு.

கிடைத்தது.

ஓடிவந்தாள். எங்கள் தலைவர் புருஷோத்தமன் சாரும் பின்னாலேயே வந்தார். கன்னிகாதான் முதலில் கேட்டாள்.

“டேய் தருணு, இன்னாடா துன்னுக்கினு கீற? மூஞ்சியப் பாத்து சொல்லு. அது உன்னுதா?”

“எது?”

“நடிக்காத. நான் சொன்ன எடத்துலயே நிக்குதுடா. அம்மதோடு, உங்கம்மா மேல ஆணயா சொல்லு, உன்னுதா?”

வாயிலிருந்த தோசையை விழுங்கினேன்.

“என்னுதுதான்.”

“நிஜமா?”

“உன் எடத்துல போட்டா சந்தோசப்படுவேன்னு போட்டேன்.”

“தூ, பாவி” என்று சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சார் “பர்வாலேதம்மா” என்று அவளைத் தேற்றிவிட்டு, மதியத்துக்குள் அடுத்த அலைவரிசைக்கு மாற்றச் சொன்னார். போலி என்று ஆகிவிட்ட இடத்தை யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

போலி சிக்னல் போடுகிற கருவி அந்த வாரம் முழுக்கச் சித்தூரில் ரிப்பேரில் கிடந்தது. அது தெரிந்துதான் வந்திருக்கிறீர்கள். கருவி எங்கே என்று கன்னிகாவோ சாரோ கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

ஏன் செய்தேன் என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், இந்தமாதிரி சிக்னல்கள் பெரும்பாலும் மறுநாளே காணாமல் போகும். அவள் ஊரெல்லாம் சொன்ன பிறகு போயிருந்தால்? சின்ன வயசு, அவமானம் தாங்கமாட்டாள். ஒரு நண்பன் செய்யவேண்டியதைச் செய்தேன். இப்போது பலமனேரில் டியூஷன் எடுக்கிறாள். குளிர்ச்சியான ஊர், நல்ல பால் கிடைக்கும். உடம்புகூடத் தேறியிருக்கிறது.

அவள் போன பிறகு, யாரும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே இடத்தில் தேடிப்பார்த்தேன். அப்படியே நின்றுகொண்டிருந்தது. காந்தத்தின் பலத்தை இறக்கினேன், மறைந்தது. ஏற்றினேன், திரும்பவும் வந்தது.

அதைப் பற்றிய கட்டுரையைப் போன மாதம் அனுப்பிவிட்டேன். என் பெயர் மட்டும்தான். ஆனால் கடைசிப் பாராவில், கணக்குகளில் உதவியவர் என்று கன்னிகா பெயரையும் போட்டிருக்கிறேன். கட்டாயம் ஒன்றும் இல்லை. நட்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா.