ஒரு பீடி தீர்ற நேரம்

ஏண்டா, மூணு பேரும் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க? பந்தி முடிஞ்சப்பறம் வந்து சேந்த ஒறம்பரைங்க மாதிரியே இருக்குது. சித்தெ சிரிங்கடா. அடிக்கப் போறவன் சிரிக்கக் கூடாதுன்னு ஆரு சொன்னா?

வேனு கொதிச்சா நான் என்ன மாப்ள பண்றது? ரேடியேட்டர் ஆறுனாத்தான் தண்ணி ஊத்த முடியும். இப்ப மூடியத் தொறந்தா உன்ற மூஞ்சி வெந்துரும், அப்பறம் பொண்ணு பாக்கப் போற எடத்துல நான் பதில் சொல்ல முடியாது. வாழப்பாடி இந்தா, கூப்புடு தூரந்தான். மாதையன் பட்டறை எங்க ஓடிறப் போவுது? அதுக்கென்ன காலா இருக்குது?

சின்னுசாமி, அந்த ஜாக்கி ராடக் கீழ வெய்யி. பச்சக் கொழந்தையாட்டம் மடியில வெச்சுத் தாலாட்டிக்கிட்டு வர்ற. பெரியசாமி, நீ என்னடா சைக்கிள் செயினு? உங்கப்பன் சைக்கிள்ள கழட்டுனதா? அப்ப அந்த மனுசன் இன்னிக்குத் தறிக்கு நடந்தா போவாரு? படை கெளம்புதாமா படை. மெக்கானிக்கு பட்டறைய ஒடைக்கப் போறமாமா.

கோவிச்சுக்காத சென்னியப்பா. தெரியும். உன்ற அண்ணன் ஆசுபத்திரியில கெடக்கறாரு, இவன் நக்கலடிக்கறான்னு நெனைக்கற. எனக்கு அவரு ஆருடா? என்ற அக்காளக் கட்டுனவரு. நேத்து ராமாயி அக்கா அவருக்குச் சோறு ஊட்டி உட்டா. அவரு நொட்டாங்கையால தட்டத் தள்ளித் தள்ளி உடறாரு. சோத்தாங்கையில கட்டு. ரெண்டு வெரலு இல்ல. நானும் அங்கதான நின்னேன். எனக்கு வாயி இப்படி. பயந்தா எச்சாப் பேசும். பத்தாவதுல ஃபெயிலானப்பவும் எங்கப்பன் முன்னால இப்படித்தான் சிரிச்சுக்கிட்டு நின்னேன், மறுக்கா எழுதிச் சேந்த பாலிடெக்னிக்க உட்டு ஓடியாந்தப்பவும் இப்படித்தான்.

என்னது, நடந்தே போறியா? போ மாப்ள. இந்த வெயில்ல நீ போயிச் சேர்றதுக்குள்ள அவனே எளநி வெட்டிக் குடுக்கற மாதிரி ஆயிருவ. உக்காரு. பீடி இருக்குதான்னு கேக்கறியா பெரியசாமி? இருக்குது. தர்றேன். இரு.

மாமனோட அம்பாசடரு காருக்கு டர்போ போடற ரோசனை ஆரோடது? என்றதுதான். அத நான் எங்கயும் மறைக்கலயே, ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான திரிஞ்சேன். மாமனுக்கு டெய்லி அந்த வண்டியிலதான் பொழப்பு. காலையில துணி ஏத்திக்கிட்டு சேலம் போயி மத்தியானம் திரும்புவாரு. பொழுதோட நான் எடுத்துக்கிட்டுப் போயி நூலு பண்டல ஏத்திக்கிட்டு வருவேன். பின்சீட்டக் கழட்டிட்டு கூரை முட்ட நூலு. பனமரத்துப்பட்டிப் பிரிவு தாண்டி அந்தக் கரட்டு மேடு இருக்குதுல்ல, அதுல டீசல் அம்பாசடரு ஏறற அழக நீங்களே பாத்திருக்கீங்க. பால்காரன் சைக்கிளத் தள்ளிக்கிட்டே நம்மளத் தாண்டிப் போவான். தாண்டறதோட உட்டானா? திரும்பிப் பாத்து, என்ன மாமா, கயிறு கட்டி இழுக்கட்டுமான்னு கேப்பான். மாமன் நல்லவரு, சிரிப்பாரு. எனக்குத்தான் வவுறு எரியும்.

நான் திருச்செங்கோட்டு ரிக்கு வண்டியில போர் போடப் போனேன்ல, அங்க கம்ப்ரசர் எஞ்சின்ல பாத்தேன் டர்போவ. சின்னுசாமி, உனக்கு இன்னும் அது என்னன்னு தெரியாது, தெரியாமயே ஒடைக்க வந்துட்ட. எஞ்சினு வெளிய உடற பொகையில ஒரு காத்தாடி சுத்தும். அது சுத்தற சுத்துல இந்தப் பக்கம் இன்னொரு காத்தாடி வெளிக்காத்த அள்ளி எஞ்சினுக்குள்ளயே திணிக்கும். காத்து எச்சா போனா இழுப்பு எச்சா. அவ்வளவுதான். போற மூச்ச வெச்சே வர்ற மூச்சப் பெருக்கறது.

அந்தக் கம்ப்ரசருக்கு மெக்கானிக்கு மாதையண்ணன். ஆமாடா, அண்ணன்னுதான் கூப்புடுவேன், இப்ப என்னங்கற? அப்பறம் அவரு ரிக்க உட்டுட்டு வாழப்பாடியில தனியா பட்டறை போட்டாரு. நான் போயிக் கேட்டதும் தொரத்தி உட்டாரு. ரிக்கு டர்போ அண்டா, உன்ற காரு எஞ்சினு சொம்பு, அண்டாவச் சொம்பு மேல கவுத்த முடியுமாடான்னு கேட்டாரு. நான் உடல. டெய்லி போயி பட்டறை வாசல்ல உக்காந்துக்குவேன். வர்றவன் போறவன்கிட்ட எல்லாம், இந்த அண்ணனுக்குக் காருக்கு டர்போ போடத் தெரியாதாமான்னு சொன்னேன். அவருக்கு ரோசம் பொத்துக்கிச்சு. வாயி அவருக்கும் நீளந்தான், ஒரு போல்ட்டு வழுக்குனாக்கூட எஞ்சின் பண்ணவனோட பரம்பரைய இழுப்பாரு. சேலத்துல பழைய இரும்புக் கடையில, ஏதோ வெளிநாட்டு ஜெனரேட்டருல கழட்டுன சின்னது ஒண்ணப் புடிச்சாந்தாரு. தண்டவாளத் துண்ட வெட்டித் தாங்கி அடிச்சாரு. மொதல்ல பைப்பு ஒடைஞ்சு போச்சு, பாடுனாரு பாட்டு. மறுக்கா வெல்டிங் வெச்சாரு. எஞ்சினுல இருந்து ஆயிலுக்குத் தனியா ஒரு கொழாயி இழுத்தாரு.

அந்தக் கொழாய்லதான் இருக்குது சங்கதி. கேளுங்க.

நம்மூருல டீசல் வண்டி ஓட்டறவனுக்கு ஒரு பழக்கம் உண்டுல்ல? மேடு ஏறி, உச்சி வந்ததும் எஞ்சின அணைச்சுட்டு நியூட்ரல்ல சறுக்கி உடறது. ஓசியில கீழ வந்துரும். லாரிக்காரனும் பண்றான், வேன்காரனும் பண்றான், மாமனும் அதுவரைக்கும் பண்ணுனவருதான். மாதையண்ணன் எங்க ரெண்டு பேரையும் பட்டறையில நிக்க வெச்சுச் சொன்னாரு. இனிமே அது ஆவாது. மேடு ஏறுன சூட்டுல டர்போ தணலா இருக்கும், காத்தாடி கண்ணுக்குத் தெரியாத வெசயில சுத்திக்கிட்டு இருக்கும். எஞ்சின அணைச்சா ஆயிலு நிக்கும். ஆயிலு நின்னா உள்ள இருக்கறது கருகிப் போவும். எங்க நிறுத்துனாலும் ஒரு பீடி தீர்ற நேரம் எஞ்சினு சும்மா ஓடணும், அப்பறம் அணைங்கன்னாரு. என்னைய பானட்டு மேல கைய வெச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாரு. பண்ணுனேன். சிரிச்சுக்கிட்டேதான் பண்ணுனேன்.

மாமன் பீடி குடிக்க மாட்டாரு, உங்களுக்கே தெரியும். அதுக்காவ என்ன பண்ணுனாரு தெரியுமா? கட்டுக் கட்டா பீடி வாங்கி வண்டியில போட்டுக்கிட்டாரு. நிறுத்துனதும் ஒண்ணப் பத்த வெச்சு டேஷ்போர்டு சந்துல ஊதுபத்தியாட்டம் சொருகி உட்டுட்டு, கையக் கட்டிக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அது தானா எரியாம நடுவுல அணைஞ்சு போவும். மறுபடியும் பத்த வெப்பாரு. முழுசாத் தீந்தாத்தான் அணைப்பாரு. சட்டையெல்லாம் பீடி நாத்தம். அக்கா மோந்து பாத்துட்டு, இந்த வயசுல உங்களுக்கு இது தேவையான்னு சண்டைக்கே போயிட்டா. நாந்தான் நடுவுல பூந்து டர்போ பாடம் நடத்தி வெச்சேன். சிரிடா சென்னியப்பா, உன்ற அண்ணன் கதைதான். அப்ப சிரிச்சயில்ல?

வண்டி எப்படிப் போச்சு அதுக்கப்பறம்! மேட்டுல அந்தப் பால்காரனத் தாண்டுனப்ப நான் கயிறு வேணுமான்னு கேட்டேன். அவன் மூஞ்சியப் பாக்கணுமே. மாமன் என்ற தொடையில அடிச்சுச் சிரிச்சாரு. அவ்வளவு சந்தோசமா அவர நான் பாத்ததே இல்ல.

ஆமா, அன்னிக்கு நடந்தது உனக்குத் தெரியாது பெரியசாமி, நீ வேற கொட்டாயித் தறியில இருந்த. மத்தியானம் மாமன் சேலத்துல இருந்து வந்து தறிக் கொட்டாயி வாசல்ல நிறுத்துனாரு. பீடியப் பத்த வெச்சுச் சொருகுனாரு. கையக் கட்டுனாரு. எஞ்சினு சும்மா ஓடிக்கிட்டு இருக்குது. திடீர்னு தானா வேகம் எடுக்குது. ஆரும் மிதிக்கல. மாமன் எஞ்சின அணைக்கற ஸ்டாப்பு நாப்ப இழுக்கறாரு, நிக்கல. டீசலு நின்னு போச்சு, ஆனா எஞ்சினு நிக்கல. டர்போ வழியா ஆயிலு உள்ள எறங்கி, எஞ்சினு தன்ற ஆயிலையே குடிச்சுக்கிட்டு ஓடுது. கத்துச்சுடா அது. மாட்டக் கட்டிப் போட்டு அடிக்கற மாதிரி கத்துச்சு. தெருவே தெரியல, அத்தனை பொகை. கொட்டாயிக்குள்ள பொம்பளைங்க. வெடிச்சுச் செதறுனா மொத ஆளு அவங்கதான். நான் ஓடுங்க மாமான்னு கத்துனேன். நான் கத்துனது மட்டுந்தான். அவரு பானட்டத் தொறந்து காத்து போற ரப்பர் கொழாயப் புடுங்கிட்டு, தோள்ல இருந்த துண்டச் சுருட்டி டர்போ காத்திழுக்கற வாயில வெச்சு அமுக்குனாரு. காத்து இல்லீனா நின்னுரும்னு மாதையண்ணன் சொன்னத ஞாபகம் வெச்சிருந்தாரு. துண்டு உள்ள போச்சு. துண்டோட வெரலும் போச்சு. நின்னுருச்சு.

டேஷ்போர்டுல பீடி பாதி எரிஞ்சு கெடந்துச்சு. நாந்தான் எடுத்துப் போட்டேன்.

ஆமா மாப்ள, நீ சொல்றது கேக்குது. மாதையன் அவனே ஒத்துக்கிட்டானேங்கற. அதுக்குத்தான் இவ்வளவும் சொல்லிக்கிட்டு இருக்கறேன். அன்னிக்கிப் பொழுதோட அவரு ஆசுபத்திரிக்கு வந்தாரு. நீ அவரு நெஞ்சுல கைய வெச்சுத் தள்ளுன. தலையக் குனிஞ்சு வாங்கிக்கிட்டாரு. அத்தனை வாயுள்ள மனுசன். அப்பறம் நீ மருந்து வாங்கப் போயிட்ட. அவரு எங்கிட்ட வந்தாரு. டர்போவக் கழட்டிப் பாத்திருக்கறாரு. உள்ள தண்டு கரிக்கட்டையா இருந்துச்சு தம்பி, ஆயிலு இல்லாம சூட்டுல சுத்துனாத்தான் அப்படி ஆவும். எங்கியாச்சும் அணைச்சுட்டு எறக்குனீங்களான்னு கேட்டாரு. கட்டில்ல இருந்து மாமன் சொல்றாரு, இல்ல மாதையா, பீடி தீராம ஒரு நாளும் அணைக்கலன்னு. மாமன் சொன்னது சத்தியம். மாதையண்ணன் என்ற பக்கம் திரும்புனாரு. தம்பி, நீ? அப்படின்னு கேட்டாரு.

நான் என்ன சொன்னேன்னா, நானும் பீடிய வெச்சுத்தானுங்க அணைச்சேன்னேன்.

அவரு அங்கயே செவுத்தோரமா உக்காந்துட்டாரு. அப்ப நான் இழுத்த ஆயிலு கொழாய்லதான் தப்பு, வெரல வாங்குனது நாந்தான்னாரு. அதைத்தான் நீ வந்து காதுல வாங்குன. அதுக்குத்தான் இந்த ராடும் செயினும்.

கம்முனு இரு பெரியசாமி, முடிச்சர்றேன். கரட்டு மேட்டுக்குக் கீழ டீக்கடையில நீங்க பொழுதோட உக்காந்திருப்பீங்கல்ல? நான் நூலு ஏத்திக்கிட்டு வர்றப்ப, வண்டிச் சத்தமே இல்லாம, ஒரு விசிலு மட்டும் வருமே, சன்னமா, நீளமா? நீங்க எல்லாம் பெஞ்சு மேல ஏறி நின்னு கை தட்டுவீங்க. என்னடா சத்தம் அதுன்னு சின்னுசாமி கேட்டதுக்கு, புது மாடல் ஹாரனுன்னு சொன்னேன். ஹாரனு இல்லடா. மேட்டுல முழுசா வெரட்டி ஏத்தி, உச்சியில எஞ்சின அணைச்சுட்டா, ஆயிலு இல்லாத டர்போ சுத்தி ஓயற சத்தம் அது. ஓட்டறப்ப எஞ்சினுச் சத்தத்துல அது கேக்காது. அணைச்சாத்தான் கேக்கும். நீங்க கை தட்டறதுக்காவ டெய்லி அணைச்சேன். நான் ஒண்ணுக்கும் ஆவாதவன்னு ஊரே சொல்லுது, அந்த ஒரு எடத்துலதான் எனக்குக் கை தட்டுனாங்க.

பீடி கேட்டயே. இந்தா. ஜோப்புலயே கெடந்துச்சு. பொழுதோட நீ போறப்ப பத்த வெய்யிடான்னு மாமன் எங்கிட்ட வாங்கிக் குடுத்த கட்டு. பாரு, சுத்துன நூலு கூடப் பிரிக்கல.

ரேடியேட்டருக்கு ஒண்ணும் ஆவல மாப்ள, வேனு கொதிக்கவே இல்ல, தண்ணி ரொம்பி இருக்குது. டர்போவக் கருக்குனது நாந்தான். எறங்கு, ராட எடுத்துக்க.