குழந்தைகள்: இரண்டு

— ஐயா, இந்தக் கணக்குப்படி நீங்க ரெண்டு தடவை பொறந்திருக்கீங்க.

— என்ன நூலகரம்மா, வந்து உக்காரறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டீங்க?

— முதல் படிவத்துல மார்ச் ஒம்போது. ரெண்டாவதுலேருந்து ஜூன் ஒண்ணு.

— மார்ச் எங்கம்மா சொன்னது. ஜூன் என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்ட வாத்தியார் போட்டது.

— இப்ப எதைப் போடட்டும்?

— வாத்தியாரோடதையே போடுங்க. எங்கம்மா பேச்சை எந்த ஆபீஸ்ல கேட்டாங்க?

— கோவிச்சுக்காதீங்க ஐயா. இந்தச் சட்டசபைக்கு எட்டு தடவை ஜெயிச்சு வந்தவர் நீங்க ஒருத்தர்தான். அதான் புது உறுப்பினர் புத்தகத்துல மத்தவங்களுக்கெல்லாம் அரைப் பக்கம், உங்களுக்கு மட்டும் ரெண்டு பக்கம். சாயங்காலம் அச்சுக்குப் போகுது. ஒவ்வொரு தடவை ஜெயிச்சு வந்தப்பவும் நீங்க எழுதிக் குடுத்த படிவம் எட்டும் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாத்துட்டுத்தான் நான் அனுப்பணும்.

— ஒத்துப் பாத்து பாத்துத்தான் போன புத்தகத்துல என் பேருக்கு மேல இன்னொருத்தர் தலையைப் போட்டீங்களா?

— அது அச்சகத்துல நடந்தது.

— பரவால்ல, அந்தத் தலையில முடி நிறைய இருந்துச்சு. அடுத்த கேள்வி?

— பொழுதுபோக்கு. முதல்ல பந்து விளையாட்டுன்னு இருக்கு. அப்புறம் புத்தகம் படிப்பது. அப்புறம் தோட்டம். எட்டாவதுல ஒண்ணுமே எழுதல.

— தூக்கம்னு எழுதக் கூச்சமா இருந்துச்சு.

— ஒரு சின்ன சந்தேகம். புத்தகம் படிப்பதுன்னு எழுதின அந்த அஞ்சு வருஷத்துல நீங்க இங்கேருந்து எடுத்துட்டுப் போனது ஒரே ஒரு புத்தகம். அதுவும் இன்னும் திரும்பி வரல.

— அதுவா? காத்துக்கு ஜன்னல் டமார் டமார்னு அடிச்சுது. முட்டுக் குடுத்து வெச்சேன். நல்ல கனமான புத்தகம்மா. இதெல்லாம் அவைக்குறிப்புல ஏறக் கூடாது, சொல்லிட்டேன்.

— ஏத்தல. அடுத்தது குழந்தைகள்.

— அதுல என்ன சந்தேகம் இருக்கப் போகுது?

— முதல் படிவத்துல ஒண்ணு. ரெண்டாவதுல ரெண்டு. மூணாவதுல மூணு.

— ஒழுங்கா ஏறியிருக்கு பாருங்க. எங்க கட்சிகூட இப்படி வளரல.

— நாலாவதுல ரெண்டு. அதுக்கப்புறம் எட்டு வரைக்கும் ரெண்டுதான்.

— வெளிய யாராவது இருக்காங்களா?

— எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க.

— அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க. ம். நீங்க இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணுமா?

— கட்டாயம்லாம் இல்ல. ஆனா மூணு எப்படி ரெண்டாகும்னு ரொம்ப நாளா ஒரு கேள்வி. மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

— நான் நாலாவது தடவை ஜெயிச்சு வந்தப்ப ஒரு மசோதா கொண்டுவந்தோம். ரெண்டு குழந்தைக்கு மேல இருந்தா உள்ளாட்சித் தேர்தல்ல நிக்கக் கூடாதுன்னு. யாரு பேசறதுன்னு வந்தப்ப, கொறடா என்னைப் பாத்துக் கையைக் காட்டிட்டார். மறுக்க முடியுமா? எனக்குப் பேச்சுன்னா சக்கரை வேற.

— படிச்சிருக்கேன் ஐயா. ஒன்றரை மணி நேரம். வீட்டை அளவா வெச்சுக்கத் தெரிஞ்சவன்தான் ஊரை ஆளலாம்னு முடிச்சிருக்கீங்க. பக்கத்துல "மேஜையைத் தட்டும் ஒலி"ன்னு போட்டிருக்கு.

— தட்டுனாங்கம்மா. அப்படித் தட்டுனாங்க.

— நடுவுல எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர் எழுந்து, பேசறவருக்கு எத்தனை குழந்தைன்னு கேட்டிருக்காரு.

— கேப்பான்னு தெரியும். அவனுக்கு அதே வேலை. நூலகத்துல உறுப்பினர் புத்தகம் இருக்கு, போய்ப் பாத்துட்டு வாங்கன்னேன். உக்காந்துட்டான்.

— அதுக்கு முன்னாடியே படிவத்துல ரெண்டுன்னு எழுதியாச்சு.

— எழுதியாச்சு. பேசப் போறது நான்தான்னு முடிவான அன்னிக்கு ராத்திரியே.

— மசோதா என்னாச்சு?

— என்னாகும்? ஓட்டெடுப்புக்கே வரல. ஆட்சி கவுந்துச்சு, அதோட அதுவும் போச்சு. ஒரு ஆளுக்கும் உபயோகமில்லாத மசோதா.

— ரெண்டு மட்டும் அப்படியே நின்னுபோச்சு.

— எப்படித் திருத்தச் சொல்றீங்க? திருத்தினா, சபையில நின்னு பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அப்புறம் உதவியாளர் பழைய படிவத்தைப் பாத்து அப்படியே எழுதிட்டு வருவான், நான் கார்ல உக்காந்துக்கிட்டே கையெழுத்துப் போடுவேன். ஒரு நாளைக்கு நூறு கையெழுத்து. எதைன்னு படிக்கறது?

— ஒரு துணைக் கேள்வி கேக்கலாமா?

— கேளுங்க.

— அந்த ரெண்டு, யாரு யாருங்க?

— எந்த ரெண்டு?

— இருக்கறது மூணு பேர். அதுல நீங்க எழுதின ரெண்டு பேரு யாரு?

— இதென்ன கேள்வி? பேரா எழுதினேன்? வெறும் எண்ணிக்கைதானே? நான் யாரையும் விடல.

— எழுதறப்போ மனசுல யாராவது ஒருத்தர் ஒதுங்கி நின்னிருப்பாங்களேன்னு கேட்டேன்.

— சத்தியமா இல்ல. மனசுல மசோதா மட்டும்தான் இருந்துச்சு. அவங்க மூணு பேரும் வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்தாங்க. போர்வையை இழுத்து விட்டுட்டு வந்துதான் எழுதினேன்.

— இப்ப எல்லாரும் எங்க இருக்காங்க?

— பெரியவன் துறைமுகத்துல இன்ஜினீயர். நடுவுலவ பல் டாக்டர். கடைசிப் பொண்ணு மொழிபெயர்ப்பு வேலை பண்றா. ஒரு குறையும் இல்ல.

— குரல் அப்படிச் சொல்லலையே.

— நீங்க விடாக்கண்டிம்மா. என் பசங்க என்கிட்ட பேசறது, மனு குடுக்க வந்தவங்க பேசற மாதிரி இருக்கும். "அப்பா, அஞ்சு நிமிஷம் நேரம் இருக்குமா?" அப்படி. தொகுதியில இருக்கற குழந்தைங்கல்லாம் ஓடி வந்து தோள்ல ஏறும். என் வீட்டுப் பசங்க வாசல்ல செருப்பை ஓரமா விட்டுட்டு, நாற்காலி நுனியில உக்காருவாங்க. எனக்கு அது வலிக்குது. வெளிய சொன்னதில்ல.

— காரணம் கேட்டீங்களா?

— பெரியவன் கல்யாணப் பத்திரிகை அடிக்கறப்ப, "உங்க மகன்னு போட்டுக்கலாமா?"ன்னு கேட்டான். கிண்டல்னு நெனச்சுச் சிரிச்சேன். அவன் சிரிக்கல. நான்தான் வீடு தங்காம சுத்தினேனே, அந்தக் கோவமா இருக்கும்னு விட்டுட்டேன்.

— மத்த ரெண்டு பேரும்?

— நடுவுலவ பேச ஆரம்பிச்சு பாதியில நிறுத்திடுவா. கடைசிப் பொண்ணு, இந்தப் புத்தகத்துக்குக் குடும்பப் போட்டோ கேட்டீங்களே, அதுக்கு வரமாட்டேன்னுட்டா. மூணும் மூணு மூலை. அவங்களுக்குள்ளயும் பெரிசா பேச்சு இல்ல. சரி, அதை விடுங்க. சாயங்காலம் அச்சுக்குப் போகணும்னீங்களே.

— அதான் கேக்கறேன். எத்தனைன்னு போடட்டும்?

— ரெண்டுன்னே இருக்கட்டும்.

— ஐயா...

— அம்மா, அடுத்த தேர்தல்ல நான் நிக்கல. இதுதான் நான் இருக்கற கடைசிப் புத்தகம். இப்பப் போய் மூணுன்னு போட்டா, பேப்பர்காரன் எட்டுப் படிவத்தையும் வரிசையா வெச்சுப் படம் புடிச்சுப் போடுவான். நாப்பது வருஷத்துல என் மேல ஒரு கறை இல்ல. போற நேரத்துல நானே எடுத்துப் பூசிக்கணுமா?

— வீட்டுல யாராவது பாத்தா?

— வீட்டுலயா? இவ்வளவு தடிப் புத்தகத்தை அவங்க எதுக்கு எடுக்கப் போறாங்க? குடுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

— போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். யார் வந்து எந்தப் புத்தகத்தைப் பாத்தாங்கன்னு இன்னொருத்தர்கிட்ட நாங்க சொல்லக் கூடாது. அது விதி. இருபத்தாறு வருஷத்துல நான் மீறினதே இல்ல. இன்னிக்கு மீறப் போறேன்.

— என்னம்மா இப்படி பயமுறுத்தறீங்க?

— பதினாறு வருஷம் முன்னாடி உங்க மகன் இங்க வந்தாரு. நீங்க உக்காந்திருக்கற மேஜைதான். நாலாவது தடவை ஜெயிச்சப்ப வந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கி, உங்க பக்கத்தை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் என்கிட்ட வந்து, "மேடம், இந்த ரெண்டுல நான் இருக்கேனா?"ன்னு கேட்டாரு. தெரியலைங்கன்னேன். வேற என்ன சொல்வேன்?

— ஐயையோ. பாவி. தன்னைத்தான் விட்டுட்டேன்னு நெனச்சுட்டானா? அதான் அந்தப் பத்திரிகை... அவன் தலைச்சன் புள்ளம்மா. அவனை நான் விடுவேனா? நல்லவேளை, பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் இது தெரியாது. அவனை மட்டும் தனியாக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிட்டாப் போதும், இல்ல?

— அவர் வந்துட்டுப் போய் மூணு வருஷம் கழிச்சுப் பெரிய பொண்ணு வந்தாங்க. ரெண்டு மாசம் முன்னாடி சின்னப் பொண்ணு. ஒருத்தர் வந்தது ஒருத்தருக்குத் தெரியாது. "விட்டுப்போனது நான்தான்"னு மூணு பேருமே சொல்லிட்டுப் போனாங்க ஐயா.