நாயின் காதுக்குப் பூசிய மருந்து

மூதூர்ப் படகு திருகோணமலை இறங்குதுறையை விட்டுக் கனதூரம் வந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த லிங்கநகர்ப் பெண் தன் நாயின் கதையைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“ஈ கடிச்சுக் கடிச்சு ரெண்டு காதும் புண். காலமை மருந்து வாங்கி நல்லாப் பூசிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான். பிறகு ஒரு ஈயும் கிட்ட வரேல்ல. நான் வெளிக்கிடேக்க பூனைதான் போய் அந்தக் காதை நக்கிக்கொண்டு கிடந்தது.”

பக்கத்தில் இருந்தவர் அவர் பக்கம் திரும்பினார். “பூனையோ?”

“ஓம். ரெண்டும் ஒண்டாத்தான் படுக்கிறது.”

“மருந்துப் பெட்டியில என்ன போட்டிருந்தது?”

“ஆர் வாசிச்சது? எறிஞ்சிட்டன்.”

“அக்கா, ஈயைக் கலைக்கிற சில மருந்து நாய்க்கு ஒண்டும் செய்யாது, பூனைக்கு நஞ்சு. எங்கட பூனை அப்பிடித்தான் செத்தது. உடன வீட்டுக்குக் கோல் எடுங்க.”

மூன்றாம் தடவைதான் வீட்டில் நின்ற மகள் எடுத்தாள்.

“பிள்ளை, பூனை எங்க? கட்டிலுக்குக் கீழ பார்... என்ன, நடுங்குதோ?”

“மிருக வைத்தியரிட்டக் கொண்டு ஓடச் சொல்லுங்க. மருந்துப் பெட்டியையும் தேடி எடுத்துக்கொண்டு போகட்டும்.”

“அவள் சின்னப்பிள்ளை, தனிய நிக்கிறாள், தம்பி.”

அந்தப் பெண் எழும்பி, ஆடுகிற படகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநரைக் கூப்பிட்டார்.

“தம்பி, படகைத் திருப்ப ஏலுமோ?”

“ஏனக்கா? ஆருக்கு என்ன?”

“எங்கட பூனைக்கு.”

படகில் ஒருவரும் சிரிக்கவில்லை.