ரீல் மாறிய சாயங்காலம்

நீங்கள் வாங்கிக் கொடுத்த காபி நன்றாக இருந்தது. சர்க்கரை ஒரு சிட்டிகை குறைவு, ஆனால் டிகாக்‌ஷன் திடமாக இருந்தது. ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும் என்று நீங்கள் சொன்னபோது, வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். அனுமதித்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். பிறர் கையில் விட்டால் முன்னது பின்னதாகிவிடும். எனக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும்.

என் பெயர் வீரமலை. பிறந்தது உப்பிலியபுரம். மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில். டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பார்த்து மிக்சர் கலந்து கொடுப்பது என் பிழைப்பு. சினிமா விமர்சனம் எழுதுவது என் உயிர். உள்ளூர் வாரப் பத்திரிகையில் ‘மலையன்’ என்ற பெயரில் எழுதுவது நான்தான். திருச்சியில் படித்தவர்கள் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். நீங்கள் மாற்றலாகி வந்தவர், உங்களுக்குத் தெரியாமல் இருப்பதில் குற்றமில்லை.

சவரிராயன் சாரை எனக்கு மிகவும் பிடிக்கும். இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் ஆனால் என் கடை பெஞ்சுக்கு வந்துவிடுவார். அவர் இதயம் கொஞ்சம் பழுது. டாக்டர் அற்புதசாமி எழுதிக் கொடுத்த மருந்தை நான்தான் கலந்து தருவேன். அவர் குடிப்பார், நாங்கள் இருவரும் சினிமாவைப் பற்றிச் சண்டை போடுவோம். அவர் வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

அறுபத்திரண்டாம் வருடம் அந்த இங்கிலீஷ் படம் வந்தது. கதை எளிது. கலங்கரை விளக்கம் ஒன்றின் காவலாளி. ஒரு புயல் நாளில் விளக்கு அணைந்து, கப்பல் பாறையில் மோதி, அதில் வந்த அவன் மனைவி இறந்துபோகிறாள். வருடங்கள் கழித்து, விளக்கத்தின் படிகளில் ஏறும்போது காலம் பின்னோக்கிப் போவதை அவன் கண்டுபிடிக்கிறான். அந்த நாளுக்கே திரும்பிப் போய் விளக்கை ஏற்றப் பார்க்கிறான்.

திருச்சியில் ஒன்று, ஸ்ரீரங்கத்தில் ஒன்று என இரண்டு கொட்டகைகளுக்கும் முதலாளி ஒருவரே. அந்தப் படத்துக்கு ஒரே பிரதிதான் வாங்கியிருந்தார். திருச்சியில் காட்சி முன்னதாகத் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீல்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பெரியண்ணன் என்கிற ஆள் சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோவார். இதெல்லாம் அப்போது எனக்கும் தெரிந்த விஷயம்தான். எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

நான் ஸ்ரீரங்கத்தில், முதல் நாள் சாயங்காலம் பார்த்தேன். பாதிப் படத்திலேயே காவலாளி இறந்துவிட்டான். மழையில் அவனைப் புதைத்தார்கள். திரை வெளுத்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அதே மனிதன், உயிரோடு, கையில் லாந்தருடன் படியேறி வந்தான். ஏறி, விளக்கை ஏற்றினான். கப்பல் கரை சேர்ந்தது. மனைவி இறங்கி நடந்து வந்தாள். பிறகு அவனுடைய சிறுவயது, பிறகு அவன் கிழவனாகி உட்கார்ந்திருப்பது. நான் அழுதேன். அந்த வருடம் என் மனைவி மயிலம்மாள் போய்ச் சேர்ந்திருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் கலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் விமர்சனம் எழுதினேன். காலத்தைப் பற்றிய படத்தைக் காலத்தின் வரிசையிலிருந்தே விடுதலை செய்துவிட்டார் இயக்குநர் என்றேன். சாவை முடிவில் வைக்காமல் நடுவில் வைத்து, அதைக் கடந்து ஏறிவரும் படியாக ஆக்கிவிட்டார் என்றேன். அப்படி ஒரு கட்டுரையை நான் அதற்கு முன் எழுதியதில்லை, பின்னும் எழுதவில்லை.

சென்னையிலிருந்து ஒரு மாதப் பத்திரிகை அதை மறுபிரசுரம் செய்தது. அதன் ஆசிரியர் தம் கைப்பட எழுதி, சினிமாக் கலையைப் பற்றித் தொடர் எழுதச் சொன்னார். மற்றப் பத்திரிகைகளும் அந்தப் படத்தைப் புகழ ஆரம்பித்தன. என் சொற்களையே கொஞ்சம் மாற்றிப் போட்டுப் புகழ்ந்தன. தஞ்சாவூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

சவரிராயன் சார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் திருச்சிக் கொட்டகையில் பார்த்திருந்தார்.

“சாதாரணப் படம், வீரமலை. அழ வைக்கறதுக்குன்னே எடுத்திருக்கான். ஆள் கடைசியில செத்துப்போறான், பொதைக்கிறாங்க, முடிஞ்சுது. நடுவுல எங்க செத்தான்?” என்றார்.

“நீங்க தூங்கிட்டீங்க சார்” என்றேன்.

“தூங்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா முழிச்சிருந்தப்ப பார்த்ததைச் சொல்றேன்” என்றார். அவர் அப்படித்தான், தன்னையே கேலி செய்துகொண்டு எதிராளியைக் கவிழ்த்துவிடுவார்.

வாரக்கணக்கில் இந்தச் சண்டை நடந்தது. இதில் ஒரு வேடிக்கை. மற்ற நாட்களில் பார்த்தவர்களும் நான் பார்த்ததைப் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் ஒருவர்கூட என்னிடம் வந்து, நீங்கள் எழுதியபடி இல்லையே என்று கேட்கவில்லை. இங்கிலீஷ் படம் அல்லவா. புரியாவிட்டால் குற்றம் தன்னுடையது என்று எண்ணிக்கொண்டார்கள். ஷேக் தாவூது என்கிற அத்தர் வியாபாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த நடுவுல சாகற எடம் இருக்கே, அப்பப்பா” என்றார். அவர் திருச்சியில் பார்த்தவர்.

ரசிகர் சங்கத்தார் இதை ஒரு பட்டிமன்றமாகவே வைத்துவிட்டார்கள். அந்தப் படம் இத்தனை புகழுக்குத் தகுதியானதா, இல்லையா என்பது தலைப்பு. தகுதியானது என்று நான், இல்லை என்று சவரிராயன் சார். நடுவராகச் சென்னை ஆசிரியரே வருவதாக ஒப்புக்கொண்டார். நான் எத்தனை வருடமாக அந்த மேடைக்குக் காத்திருந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

நாள் குறித்த பிறகு ஒரு சாயங்காலம் சார் கடைக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தும் சிரிப்பு அடங்கவில்லை. பாலத்தில் பெரியண்ணனைப் பார்த்திருக்கிறார். சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர், பேச்சுவாக்கில், அந்த இங்கிலீஷ் படத்தின் முதல் நாளிலும் இப்படித்தான் செயின் அறுந்தது, பாதிப் படத்தில் பெட்டி வர நேரமாகி, வந்ததும் ஆபரேட்டர் அவசரத்தில் கடைசி ரீலை முதலில் எடுத்து ஓட்டிவிட்டார், மிச்சத்தைக் கைக்கு வந்தபடி மாட்டினார் என்று சொல்லியிருக்கிறார்.

“நீங்க பார்த்தது டைரக்டர் எடுத்த படம் இல்ல, வீரமலை. பெரியண்ணன் சைக்கிள் செயின் எடுத்த படம்” என்றார் சார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதில் துளி விஷமம் கிடையாது. என் தோளைத் தட்டிக்கொடுத்துக்கூடச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு, இதை மேடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன்.

“அட, இதைச் சொல்லாம என்ன பட்டிமன்றம்? ஜனங்க எவ்வளவு ரசிப்பாங்க. நீங்களும் சேர்ந்து சிரிச்சிடுங்க, அதோட முடிஞ்சிடும்” என்றார். என்னை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, “இதுல என்னங்க இருக்கு?” என்றும் கேட்டார்.

மயிலம்மாளைப் புதைத்த பிறகு யாரோ படியேறி வந்ததை நான் பார்த்தேன், அதை நீங்கள் திருப்பி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு பௌதிக ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது? நான் அவருடைய மருந்துப் பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மிக்சர் பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு நீளக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டுவோம். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்து அளவு தவறாமல் குடிப்பார். டாக்டர் சொன்னதை மறந்தாலும் மறப்பார்களே தவிர, அந்தக் காகிதத்தை யாரும் சந்தேகித்ததில்லை. அன்று நான் மருந்தை டாக்டர் எழுதியபடியே கலந்தேன். ஒரு துளி கூட்டவில்லை, ஒரு துளி குறைக்கவில்லை. நீங்கள் எந்தப் பரிசோதனைக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். காகிதத்தில் பற்களை மட்டும் பாதியாகக் குறைத்து, அகலமாக வெட்டினேன். அவ்வளவுதான்.

மருந்து பாதி நாளிலேயே தீர்ந்துவிட்டது. “என்னங்க, சீக்கிரமே காலியாயிடுச்சே” என்று பாட்டிலைக் கொண்டுவந்தார். “நீங்க தாராளமா ஊத்திக்கிறீங்க சார்” என்றேன். சிரித்தார். இரண்டாம் தடவை பற்களை இன்னும் குறைத்தேன்.

பிறகு சாப்பாடு பிடிக்கவில்லை என்றார், வாந்தி என்றார். ஒரு சாயங்காலம் கடை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “விளக்கைச் சுத்தி மஞ்சளா ஒரு வட்டம் தெரியுது, வீரமலை. உங்க கலங்கரை விளக்கம் மாதிரி அழகா இருக்கு” என்றார். அது எதன் அடையாளம் என்று எனக்குத் தெரியும். எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கோடை வெயில் சார், மருந்தை மட்டும் விட்டுடாதீங்க என்றேன். அன்று துணைக்கு வந்திருந்த அவர் மனைவி வியாகுலம்மாளும் அருகில் இருந்தார். “அண்ணன் சொல்றதைக் கேளுங்க” என்று அவரும் கண்டித்தார். அவர்தான் வேளை தவறாமல் தன் கையால் ஊற்றிக் கொடுத்தவர்.

பட்டிமன்றத்துக்கு முந்தின வாரம் சவரிராயன் சார் இறந்தார். பழுதான இதயம், எல்லோரும் எதிர்பார்த்ததுதான். நான் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். கல்லறையில் அழுதேன், அது நடிப்பில்லை. பட்டிமன்றம் இரங்கல் கூட்டமாக மாறியது. சென்னை ஆசிரியர் தலைமை வகித்தார். நான் அரைமணி நேரம் பேசினேன். கடைசி நாட்களில் சார் மனம் மாறிவிட்டார், அந்தப் படம் மகத்தானது என்று என்னிடம் ஒப்புக்கொண்டார், கலங்கரை விளக்கம் அழகாக இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொன்னார் என்றேன். முன்வரிசையில் வியாகுலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையசைத்தார். அவரும் அதைக் கேட்டவர்தானே.

என் தொடர் வெளிவந்தது. நீங்கள் விரும்பினால் பிரதிகள் வீட்டில் இருக்கின்றன.

சாவு வீட்டில் மருந்துப் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். வியாகுலம்மாள் எறியவில்லை. சார் கடைசியாகக் கையில் பிடித்த பொருள் என்று கழுவி, இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் வைத்து, தினம் சாமந்தி செருகினார். நான் துக்கம் விசாரிக்கப் போகும்போதெல்லாம் அதற்கு எதிரில்தான் நாற்காலி போடுவார். காகிதம் ஒரு பக்கம்கூட உரியவில்லை. நான் போடும் பசை அப்படி. கேட்டு வாங்க முடியவில்லை. வாங்கினால் ஏன் என்பார். சாமந்தியைப் பார்த்துக்கொண்டே காபி குடித்துவிட்டு வருவேன்.

முதலாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து, அன்று அந்த நாற்காலியில் டாக்டர் அற்புதசாமி உட்கார்ந்தார். அவருக்குக் காபி வர நேரமானது. சும்மா இருந்த மனிதர் பாட்டிலைப் பார்த்தார், பற்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். மீதியை நீங்கள் அறிவீர்கள்.

காலையில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். அந்தப் படத்தைப் பிறகாவது சரியான வரிசையில் பார்த்தீரா என்று. போன மாதம் திருச்சியில் மறுபடி ஓடியது. நான் போகவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் எனக்கு எதுவும் இல்லை. எது சரியான வரிசை என்று பெரியண்ணனா முடிவு செய்வது?

ஆக, சவரிராயன் சாருக்கு அந்த மருந்து அளவு மீறிப் போகும்படி செய்தது நான்தான், தெரிந்தே செய்தேன். வியாகுலம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. அவரிடம், அளவு மீறி ஊற்றிக் கொடுத்த கை அவருடையது என்பதை யாரும் சொல்லிவிட வேண்டாம். ஒரு நல்ல கட்டுரையையும், அதைப் படித்து ஆறுதல் அடைந்த எத்தனையோ பேரையும் காப்பாற்றத்தான் செய்தேன். சார் உயிரோடு இருந்தால் அவரே இதைப் புரிந்துகொள்வார்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் தாள்களுக்கு நான் எண் போட்டிருக்கிறேன். கோர்ட்டுக்கு அனுப்பக் குத்திக் கட்டுகிறவரிடம், இந்த வரிசையிலேயே கட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு தாள் முன்னே பின்னே ஆகிவிட்டால், படிக்கிறவர்களுக்கு நான் ஒரு சிரிப்புக்காக என் நண்பனைக் கொன்றவன் போலத் தோன்றிவிடும்.