நெய் போகும் வழி

— புள்ளைய குடு பாக்கியம். இனிமே எங்க ருக்மணி அக்காவே வச்சுப் பாத்துக்கட்டும், புக்கிட் ரம்பாயில காத்துக்கிட்டு இருக்கும்.

— தாராளமா தூக்கிட்டுப் போங்க. அதுக்கு முன்ன கிட்ட வந்து உக்காருங்க, ஒரு கதை சொல்றேன். நம்ம சீதா வயித்துக்குள்ள நடக்குற கதை.

— கதை ஒண்ணுதான் குறைச்சல்! ரெண்டு வயசாச்சு, கை காலு குச்சி, வயிறு மட்டும் பானை. “டேய் ஏகாம்பரம், வாங்குற நெய்யெல்லாம் எங்கடா போகுது, உம் பொண்டாட்டி திருடி விக்கிறாளா?”ன்னு அக்கா கேக்குது. இந்தக் காஜா பேராங் தெருவே கேக்குது.

— நீங்களும் கேட்டீங்க.

— கேட்டேன்தான். நீ ஊட்டுறதுல எது ஒட்டுது? நான் பேக்கரியிலருந்து கொண்டு வர்ற பன்னுக்கு மட்டும்தான் புள்ள சிரிக்குது.

— நெய் அவ வயித்துக்குத்தாங்க போகுது. பெரியாஸ்பத்திரி நர்ஸு மிஸ்ஸி இன்னிக்குச் சொன்னாங்க. எண்ணெய் தண்ணியில கலக்காதில்ல? பித்தநீர் வந்து, சவுக்காரம் மாதிரி, அதைப் பொடிப்பொடியா உடைக்குமாம்.

— இரு இரு. பித்தம் குறையணும்னுதானே மூணு மாசமா இஞ்சிச்சாறு குடுத்தோம்?

— எனக்கும் அங்கதான் தலை சுத்துச்சு. நம்ம புள்ளைக்குப் பித்தம் சரியாத்தான் இருக்காம். சிறுகுடலுக்கு உள்பக்கம் துவாலை மாதிரி நூல் நூலா நிக்குமாம். அதுதான் நெய்ய உறிஞ்சி, பாலு மாதிரி வெள்ளையா ஒரு தனி வாய்க்கால்ல ஏத்தி, நெஞ்சுகிட்ட ரத்தத்துல சேர்க்குமாம்.

— வயித்துல துவாலை, நெஞ்சுல வாய்க்கால்! நீ சொல்றியா, அவங்க சொன்னாங்களா?

— அவங்கதான். நம்ம சீதாவுக்கு அந்த நூலு தேஞ்சு போயிருக்கும்ங்கிறாங்க. நெய் ஒட்டாம வழுக்கி வந்துடுதாம். வெளிக்குப் போனா சட்டியில மினுமினுன்னு மிதக்குதே, அது நீங்க வாங்குன நெய்தாங்க.

— ஐயோ... உன்னையப் போயி நான்... சரி, எதுதான் தேச்சுச்சாம்?

— கோதுமை. சில புள்ளைங்க குடலுக்கு அது ஆகாதாம். அடியோட நிறுத்துனா அந்த நூலு மறுபடி முளைக்குமாம்.

— பாத்தியா, ஆள மாத்திச் சொல்லிட்டாங்க! நம்ம வீட்டுல ஏது கோதுமை? மூணு வேளையும் சோறு.

— நானும் அப்படித்தான் அடிச்சுச் சொல்லிட்டு வந்தேன்.

— அப்புறம் என்ன? பேக்கரியில மெர்டேக்கா சுதந்திர நாளு ஆர்டரு குவிஞ்சு கெடக்கு, ராத்திரிக்குள்ள நான் திரும்பணும். புள்ளைய குடு. பன்னு சூடா இருக்கு, பஸ்ஸுல ஊட்டிக்கிறேன்.

— குடுக்குறேங்க. சட்டையெல்லாம் மாவா இருக்கு, தட்டிட்டு வாங்க... அது என்ன மாவுங்க?