புகைக்குள் ஓர் ஆள்

நெருப்பை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம், சார்ஜென்ட். மஞ்சள், சிவப்பு, கொஞ்சம் துணிச்சல், அவ்வளவுதான். புகைதான் ஆளைப் படுத்திவிடும்.

வாழ்நாள் முழுக்க இந்த இரண்டையும்தான் வரைந்து வருகிறேன். என் படங்களில் நெருப்பு என்றால் ஆசை. புகை என்றால் அந்த ஆசைக்குப் பலியானவர்கள். மெல்போர்ன் பத்திரிகைகள் இதைப் பக்கம் பக்கமாக விளக்கின. என் மனைவி ரோவேனா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. போன கண்காட்சியின் திறப்பு விழாவில், ஊரே கையில் ஒயினோடு நிற்கும்போது சொன்னாள்:

“நெருப்பு அமர்க்களமா இருக்கு, க்ளைவ். புகைதான் சாஸேஜ் கருகின மாதிரி இருக்கு. உள்ள ஒரு உசுரு போனதாவே தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது உண்மை என்பதுதான் என்னை அரித்தது.

பிப்ரவரியில் மலைக்கு அந்தப் பக்கம் மின்னல் விழுந்து காடு பற்றியது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. வடகாற்று தீயை எங்கள் பள்ளத்தாக்கு வரை தள்ளிக்கொண்டு வந்தது. ரோவேனாவுக்குக் கணுக்கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தது.

“வண்டி பூரா படம். டவுன்ல இறக்கிட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்,” என்றேன்.

“நீ வராட்டி பேரியோட தீயணைப்பு வண்டியில ஏறிக்கிறேன். அவன் உன்னை மாதிரி இல்ல. படத்துக்கு முன்னாடி பொண்டாட்டியை ஏத்துவான்.”

வெளியே வந்து கேட்டில் வெள்ளைத் துண்டைக் கட்டினேன். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இந்த வீட்டில் யாருமில்லை, எல்லோரும் கிளம்பிவிட்டோம், அடுத்த வீட்டைப் பாருங்கள். பேரி துண்டைப் பார்த்தார், வண்டியைத் திருப்பினார். இன்னும் அழுதுகொண்டிருக்கிறார் என்று சொன்னீர்கள். அவர்மேல் தப்பே இல்லை என்று சொல்லிவிடுங்கள். பாவம், நல்ல மனிதர்.

நான் டவுனுக்குப் போகவில்லை. வீடு தெரிகிற எதிர்மேட்டில் வண்டியை நிறுத்தி, படம் வரையும் சட்டத்தை விரித்தேன். காற்றில் கேன்வாஸ் நிற்கவில்லை. அதுதான் பெரிய இம்சை.

போன் அடித்தது.

“க்ளைவ், தீயணைப்பு வண்டி கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. கத்தினேன், கேக்கல. நீ எங்க இருக்க?”

“பக்கத்துலதான். அங்க புகை என்ன நிறத்துல இருக்கு? சொன்னாத்தான் எந்தப் பக்கமா வரலாம்னு தெரியும்.”

“கீழ பழுப்பு,” என்றாள், இருமிக்கொண்டே. “ஜன்னல் பக்கம் ஊதா மாதிரி. பாத்து ஓட்டு, ரோடு தெரியாது.”

சரி என்றேன். வீட்டுக் கூரை உள்ளே இடிந்து இறங்கும்வரை தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

அவள் சொன்ன பழுப்பும் ஊதாவும் அப்படியே படத்தில் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் அந்தப் புகையைவிட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் மூலையில் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் எழுதியிருக்கிறேன். மனைவிக்குச் சேரவேண்டிய பெருமையைத் தானே அமுக்கிக்கொள்ளும் ஆள் இல்லை நான்.