வாசிக்காத விதிக்கு வளையாத பிரபாவதி அம்மையாருக்கு

விழுப்புரம் – திண்டிவனம் மோட்டார் சைக்கிள் பந்தயக் கழகத்தில் முப்பத்தோராண்டுக் காலம் பணியாற்றி, தகுதிச் சரிபார்ப்பு அலுவலராக இன்று பணி நிறைவு பெறும் திருமதி பிரபாவதி அம்மையாருக்கு, உடன்பணியாளர்களாகிய நாங்கள் திண்டிவனம் கழக அரங்கில் உளமார வாசித்தளிக்கும் மடல்.

தகுதி காத்த தகைமையே! சீறிவரும் வண்டிகளுக்கு நடுவே ஒரு சிறு பேனாவோடு நின்ற சீர்மையே! நெருக்கியவர்க்கு நெகிழாத, நேர்மையாளர்க்கு நிழலான நெஞ்சுரமே! பொறுமையின் பொற்சிலையே என்றும் ஒரு வரி எழுதித்தான் வைத்திருந்தோம். அதை வாசித்தால் அரங்கமே சிரித்துவிடும் என்று கலைமதி அடித்துவிட்டார். அடைமொழிகளைக் கேட்டுத் தாங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. இன்று ஒரு நாள் பொறுத்தருள்க.

அம்மையீர்! தட்டச்சராக இக்கழகத்தில் நுழைந்த தாங்கள், யார் பந்தயத்தில் ஓட்டலாம், யார் ஓட்டக்கூடாது என்று முடிவு செய்யும் நாற்காலிக்கு உயர்ந்தீர்கள். அந்த நாற்காலியில் அமர்ந்தவர் அதிகம் இல்லை. அமர்ந்து நிம்மதியாக இருந்தவர் ஒருவரும் இல்லை. உரிமம் உயிரோடு இருக்கிறதா, வயது சரியா, மருத்துவச் சான்று மெய்யானதா, ஹெல்மெட் காலாவதி ஆகிவிட்டதா என்று பார்ப்பதுதான் பணி. தாங்களோ அதற்கும் மேலே போய், கண் சிவந்து வரும் வீரரின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பீர்கள். காய்ச்சலை மறைத்துக்கொண்டு தடத்தில் இறங்கிய வீரர் தங்கள் காலத்தில் ஒருவர்கூட இல்லை.

பெரிய இடத்துப் பிள்ளை ஒருவர் பழைய ஹெல்மெட்டோடு வந்து, காதருகே கைப்பேசியை நீட்டி, "சார் லைன்ல இருக்காரு, பேசுங்க" என்ற நாளை நாங்கள் மறக்கவில்லை. "வுழுந்தா தரைய உழப் போறது உன் தலையாலப்பா, அவரு தலையால இல்ல. ஜல்தியா போய் புது ஹெல்மெட்டு வாங்கிக்கினு வா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டீர்கள். அந்தச் சார் எவ்வளவு நேரம் லைனில் காத்திருந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பிழையே செய்யாதவர் என்று தங்களைப் புகழ மாட்டோம். எட்டாண்டுகளுக்கு முன், சீசன் பாதியில், முதுகுக் கவசம் கட்டாயம் என்று நிர்வாகக் குழு விதியை மாற்றி, ஆங்கிலத்தில் ஒரு தாளை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டது. மேல்மலையனூரிலிருந்து வீட்டார் அனைவரையும் வேனில் அழைத்துக்கொண்டு வந்த சித்தார்த்தன் என்ற வீரர், அந்தத் தாளைப் பார்க்கவும் இல்லை, பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது. கவசம் இல்லாததால் தாங்கள் அவரைத் திருப்பி அனுப்பினீர்கள். விதிப்படி அது சரி. ஆனால் அடுத்த வாரமே, அமாவாசைக் கூட்டத்தில் பேருந்துப் படியில் தொங்காத குறையாக மேல்மலையனூர் போய், அவர் வீட்டு வாசலில் நின்று, "விதி சரிதாம்பா. அத உனுக்குச் சொல்லாம வுட்டது என் தப்பு" என்றீர்கள். அந்தச் சித்தார்த்தன்தான் இன்று எங்கள் கொடிக் காவலர்களின் தலைவர்.

அன்று பிறந்தது தங்கள் வழக்கம். எந்த விதி மாறினாலும், பந்தயத்தன்று காலை வீரர்கள் அனைவரையும் கொட்டகை முன் கூட்டித் தமிழில் வாசிப்பீர்கள். வாசித்ததும் கடைசி வரிசையில் நிற்பவரைக் கூப்பிட்டு, "இன்னா புரிஞ்சிச்சி? உன் வாயால சொல்லு" என்பீர்கள். அவர் தடுமாறினால் விதி குழுவுக்கே திரும்பும். "இன்னும் வேகல, வேக வெச்சி எடுத்துக்கினு வாங்க" என்று தாங்கள் திருப்பிய விதிகள் ஐந்து. வீரர்கள் முன் வாசிக்கப்படாத விதி நடைமுறைக்கு வராது என்பதைக் கழகச் சட்டத்திலேயே போராடிச் சேர்த்தீர்கள். வாசித்ததற்குச் சாட்சியாக எட்டுப் பிரிவுத் தலைவர்களும் தாங்களும் ஒப்பமிட வாசிப்புச் சான்று என்று ஒரு படிவமும் வந்தது.

அம்மையீர்! இனி எங்கள் கதை. இந்த எட்டுப் பேர் யாரெனில், நாங்கள்தான். பந்தயக் காலையில் ஒருவர் எடை மேடையில், ஒருவர் நேரக் கடிகாரத்தில், ஒருவர் ஆம்புலன்சில் என்று திசைக்கொருவராய் இருப்போம். ஒன்றாகச் சேர்வது காலை ஆறு மணித் தேநீருக்கு மட்டும். ஆகவே அந்த நேரத்திலேயே படிவத்தைச் சுற்றுக்கு விட்டு, வாசிப்பதற்கு முன்பே வாசித்தாயிற்று என்று ஒப்பமிட்டு வந்தோம். "அம்மா எப்படியும் படிச்சிடுவாங்க, போடு" என்பார் பெரியதம்பி. தாங்கள் ஒரு நாளும் வாசிக்காமல் விட்டதில்லை என்பதால் எங்கள் சோம்பல் ஒரு நாளும் பிடிபடவில்லை. தங்கள் நாணயத்தை நம்பி நாங்கள் பொய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதே உண்மை.

இவ்வாண்டு அது பிடிபட்டது. பந்தயத்தையே பிழைப்பாகக் கொண்ட தொழில்முறை வீரர்களுக்கான நம் சீசனில் ஆறு பந்தயங்கள். முதல் பந்தயத்தில் பூவரசன் என்ற வீரர் விழுந்து காறை எலும்பு முறிய, அவருடைய சிறிய அணி இரண்டாம் பந்தயத்துக்கு மாற்று வீராங்கனையாக ஆரோக்கியசெல்வியை இறக்கியது. முகையூரில் மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கொல்லைகளில் கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகள். இரண்டாம் பந்தயத்தில் இரண்டாமிடம். மூன்றாம் பந்தயத்தில் முதலிடம். இரண்டிலும் அவருடைய புழுதியைத் தின்ற பெரிய அணியொன்று குழுவிடம் முறையிட்டது. குழு அவசரமாகக் கூடி, சீசன் தொடக்கத்தில் பதிவு செய்தவர் மட்டுமே ஓட்டலாம், மாற்று வீரர் பெற்ற புள்ளிகள் செல்லா என்று விதியை மாற்றியது. அது முதல் பந்தயத்திலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படும் என்று ஒரு வாலையும் ஒட்டியது. அந்த வால்தான் ஆரோக்கியசெல்வியைச் சுற்றிக்கொண்டது. விதி நின்றால் அவர் வென்ற புள்ளிகள் அனைத்தும் போகும். தகுதியற்றவர் என்ற முத்திரையோடு வருபவரை அடுத்த ஆண்டு எந்த அணியும் சேர்க்காது.

நான்காம் பந்தயத்தன்று இதே திண்டிவனத்தில், வீரர்கள் முன் தாங்கள் அந்தத் தாளைப் பிரித்தீர்கள். முதல் வரியைக் கண்ணாலேயே படித்தீர்கள், வாலைக் கண்டதும் தாளை மடித்தீர்கள். "ஓடிக்கினு இருக்கும்போதே கோட்ட தூக்கி வேற எடத்துல வெச்சிட்டு, நீ கோட்டயே தொடலன்னு ஒரு பொண்ணுகிட்ட சொல்ல என்னால ஆவாது. அடுத்த வருசத்துலேர்ந்துன்னு எழுதிக்கினு வாங்க, இங்கயே நின்னு படிக்கிறேன்" என்றீர்கள். விதியை எதிர்க்கவில்லை தாங்கள். அது பின்னோக்கி நடப்பதைத்தான் எதிர்த்தீர்கள்.

வாசிக்கவில்லை என்றால் விதி இல்லை, கதை முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் குழுச் செயலர் வாசிப்புச் சான்றை எடுத்து நீட்டினார். அதில் எங்கள் எட்டுக் கையெழுத்தும் முத்து முத்தாக இருந்தன. தங்கள் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "எட்டுப் பேரு கேட்டிருக்காங்க. ஒருத்தர் கையெழுத்து இல்லன்னா இன்னா இப்ப? விதி அமல்ல இருக்கு" என்றார் அவர். தாங்கள் படிவத்தைப் பார்த்தீர்கள். பிறகு எங்களைப் பார்த்தீர்கள். திட்டியிருந்தால் தேறியிருப்போம். தாங்கள் திட்டவே இல்லை. எடை மேடையில் நின்ற நடராசனாகிய நான், இம்மடலை எழுதுபவன், அன்று வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். எட்டுப் பேரும் பயந்தோம். அது எங்களுக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஆரோக்கியசெல்வி ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, "அக்கா, நான் ஓட்டலாமா கூடாதா? அத்த மட்டும் சொல்லுங்க" என்றார். "மேல்முறையீடுன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. முடிவு வர்ற வரிக்கும் உன்ன யாரும் வண்டியிலேர்ந்து எறக்க முடியாது, அதுவும் சட்டந்தான். அழுதுக்கினே ஓட்டாத, கண்ணாடி மங்கிடும்" என்றீர்கள். அவர் ஓட்டினார். அன்று மூன்றாமிடம், விழுப்புரத்தில் நடந்த ஐந்தாம் பந்தயத்தில் இரண்டாமிடம். மேல்முறையீடு வென்றால் முதலிடத்தில் இருப்பவரைவிட நான்கே புள்ளிகள் குறைவாகக் கடைசிப் பந்தயத்துக்குப் போவார். தோற்றால் அந்தப் பட்டியலில் அவர் பெயரே இருக்காது.

வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. ஓய்வுபெற்ற ஒருவரின் சொல்லா, பணியிலிருக்கும் எட்டுப் பேரின் கையெழுத்தா என்று வந்தால் எது எடுபடும் என்பதைக் கணக்கிட்டுத்தான் விசாரணையைத் தங்கள் பணி நிறைவுக்கு அடுத்த வாரம் வைத்தார்களோ என்று எங்களில் சிலர் ஐயுறுகிறோம். மேடையில் சொல்லத் தகாத பேச்சுத்தான். சொல்லிவிட்டோம்.

அம்மையீர்! பாராட்டு மடலில் பரிசுப் பொருளின் பெயரைச் சொல்வது மரபு. தங்களுக்குச் சால்வை உண்டு, வெள்ளிக் குத்துவிளக்கு உண்டு. ஆனால் நாங்கள் தர விரும்பியது அவையல்ல. இன்று நண்பகல் திண்டிவனம் அஞ்சலகத்திலிருந்து மேல்முறையீட்டு நடுவர்களுக்குப் பதிவுத் தபால் ஒன்று போயிற்று. அந்த விதி எங்கள் காதில் விழவே இல்லை, வாசிக்கும் முன்பே தேநீர்க் கடையில் வைத்து ஒப்பமிட்டோம், அது பொய்ச் சான்று, பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்துவருகிறோம், எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறோம் என்று அதில் எழுதியிருக்கிறோம். முதலில் கையெழுத்திட்டவர் சித்தார்த்தன். "அன்னிக்கி என் வூட்டு வாசல்ல வந்து தப்ப ஒத்துக்கினாங்க. எனக்கு போஸ்ட் ஆபீஸ் வரிக்கும் நடக்க முடியாதா?" என்றார். பிறகு பேனா வரிசையாகக் கைமாறியது.

இதைத் தங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், எங்கள் வேலையை எண்ணித் தடுத்திருப்பீர்கள். தடுக்க முடியாதபடி தபால் போன பிறகு, தங்கள் கணவர், மக்கள், கழகத்தார் அனைவரும் அமர்ந்திருக்கும் இந்த அவையில் சொல்கிறோம். முன் வரிசையில் அமர்ந்திருக்கும் ஆரோக்கியசெல்விக்கும் இப்போதுதான் தெரிகிறது. தங்கையே, அன்று வாய் திறக்காததற்கு எங்களை மன்னித்துவிடு.

நெஞ்சில் நிறைந்த பெருமாட்டியே! நோயில்லா உடலும் நொடியில்லா மனமும் பெற்று, திருவக்கரை வக்கிரகாளியம்மன் அருளும் தாங்கள் விரும்பும் எல்லாத் தெய்வங்களின் அருளும் சூழ, பேரப்பிள்ளைகளோடு பல்லாண்டு வாழ்க! பகல் தூக்கம் என்பது என்னவென்று இனியாவது அறிந்து மகிழ்க! ஆனால் அந்த ஓய்வைத் தயவுசெய்து சனிக்கிழமை தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை சாட்சி சொல்ல நாங்கள் எட்டுப் பேர் போகிறோம். இதுவரை எழுந்து நின்று பேசிப் பழக்கமில்லை. தாங்கள் ஒருவர் முன்னே நடந்தால் போதும்.

இவண்,
தங்கள் அன்பு மாறா உடன்பணியாளர்கள்

சித்தார்த்தன் (கொடிக் காவல்)
நடராசன் (எடைப் பரிசோதனை)
கலைமதி (நேரக் கணிப்பு)
பெரியதம்பி (தடப் பராமரிப்பு)
அமலா (மருத்துவ உதவி)
இனியவன் (வண்டிப் பரிசோதனை)
கலையரசி (அலுவலகம்)
சவுரியம்மாள் (அறிவிப்பு)

திண்டிவனம்